பிரட்டுக்களத்திலிருந்து பிரதேச சபைக்கு

மக்களாட்சியைத் தேர்தல் நாளோடு நிறுத்திவிடாமல், மக்கள் தம் நிலையையும் தம் பிழைகளையும் கூடிப் பேசித் திருத்திக்கொள்ளும் அன்றாடப் பழக்கமாகக் கொண்டால், அதற்குரிய கடினமான சான்று கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் கிடைக்கிறது. வாக்குரிமையை இழந்த பின்னரும் இந்திய வம்சாவளித் தொழிலாளர் சமூகம் அங்கே குடிமக்களாகவே நடந்துகொண்டது. டொனமூர் அரசியல் யாப்பு 1931இல் இலங்கையில் ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமையை வழங்கியபோது, பிரித்தானியப் பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெற்று மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆயினும் இந்திய வம்சாவளித் தொழிலாளர்மீது வதிவு தொடர்பான நிபந்தனைகள் அன்றே சுமத்தப்பட்டன.

ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அதே ஆண்டில் கம்பளையில் இத்தொழிலாளரின் அரசியல் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸின் மாநாடு கூடியது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி ஏழு தொகுதிகளை வென்றது. ‘மலையகக் காந்தி’ எனப்பட்ட கே. இராஜலிங்கம் நாவலப்பிட்டித் தொகுதியின் உறுப்பினரானார். அடுத்த ஆண்டே நிறைவேறிய குடியுரிமைச் சட்டமும் 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டமும் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கி, அவர்களுடைய வாக்கையும் பறித்தன. இவ்வளவு விரைவாக ஒரு வாக்காளர் தொகுதியை அழித்துவிட முடிந்தது என்பதைப் பிற்கால வரலாற்று நூல்கள் போதிய அதிர்ச்சியோடு எழுதவில்லை.

தன் பிழையைத் தானே கண்டு திருத்தும் அகநோக்கின் பங்கு இதற்குப் பிறகுதான் தெளிவாகத் தெரிகிறது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் நாட்டில் தொடர்ந்து வசித்ததை நிரூபித்து விண்ணப்பிக்க வேண்டுமென்றது. காங்கிரஸ் அதைத் தன்மானத்துக்கு இழுக்கெனக் கருதி முதலில் புறக்கணித்தது. இரண்டாண்டுக் கால எல்லை நெருங்கியபோது, புறக்கணிப்பினால் நட்டப்படப்போவது தம் மக்களே என்று உணர்ந்து அம்முடிவை மாற்றிக்கொண்டது. ஓர் இயக்கம் தன் தவறான கணக்கைத் தானே திருத்திக்கொண்ட இந்நிகழ்வு, அடுத்து வந்த சத்தியாக்கிரகத்தைவிடக் குறைவாகவே நினைவுகூரப்படுகிறது. அதன் அரசியல் முதிர்ச்சியோ சத்தியாக்கிரகத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. பெயர்ப்பதிவான செக்ரோலும் பிறப்புச் சான்றிதழும் தேடி இலட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தனர். இறுதியில் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர் மட்டுமே.

வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்து 1952இல் பிரதமர் அலுவலகத்தின் முன் தொடங்கிய சத்தியாக்கிரகம், அதாவது எதிராளியைத் துன்புறுத்தாமல் தன்னை வருத்தி உண்மையை வலியுறுத்தும் முறை, சில மாதங்கள் நீடித்தது. 1927 நவம்பரில் காந்தி கண்டிக்கு வந்து சென்றிருந்தமையால் அம்முறை இப்பகுதி அறியாததன்று. எனினும் அதன் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: தன்னைத் தூய்மை செய்துகொள்ளும் பொறுப்பு வாக்கை இழந்தவர் மீதே விழுந்தது, அதைப் பறித்த பெரும்பான்மையின் மனசாட்சியை அது பெரிதாக அசைக்கவில்லை.

அந்த மனசாட்சியை நோக்கிய ஒரு சிறு முயற்சி, 1972இல் யேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் கண்டியில் நிறுவிய சத்தியோதயா நிலையம். அங்கே சிங்களவரும் தமிழரும் ஒன்றாக வாழ்ந்தும் பணியாற்றியும், தோட்ட மக்களின் உரிமையைப் பெரும்பான்மையினரின் கடமையாகவும் எடுத்துப் பேசினர்.

நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமை வழங்கியது. ஆனால் அன்றாடப் பங்கேற்பின் கதவு அப்போதும் திறக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக நின்றது. ஆகவே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில், வசித்த ஒருவர் சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க முடிந்தது, ஆனால் தம் லயத்துப் பாதையைச் செப்பனிடும்படி அவரிடம் கேட்பதற்குச் சட்டத்தின் துணை இருக்கவில்லை. கிராமத்தவரின் உரிமையும் தோட்டத்தவரின் உரிமையும் இவ்வாறு பிளவுபட்டு நின்ற நிலையை 2018இல் வந்த திருத்தமே மாற்றத் தொடங்கியது.

அதே ஆண்டின் உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. தொழிற்சங்கத்துக்குள் நிலையோ வேறு. பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் முற்றத்தில், கொழுந்துக் கூடையோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்களே. தொழிற்சங்கத்துக்கான சந்தாவும் அவர்களுடைய சம்பளத்திலிருந்தே கழிகிறது. சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவர் பொறுப்பிலோ பெரிதும் ஆண்களே இருக்கின்றனர். பெண்களுக்கு மாதர் தலைவி என்ற தனிப்பதவி வழங்கப்படுகிறது. நாடாளுமன்றத்தில் தமக்கு இடமில்லையென்று 1952இல் தெருவில் அமர்ந்த இயக்கத்தின் வாரிசுகள், தம் கமிட்டிக்குள் யார் பேசுகிறார், யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற கேள்வியை இன்னும் மாநாட்டு மேடைக்குக் கொண்டுவரவில்லை.