கழிபொருளும் கலையும்

சென்னையின் வடபகுதியில், திருவொற்றியூரைச் சார்ந்து காலடிப்பேட்டை என்னும் ஊர் உள்ளது. 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றி அமைத்த ஊர் இது. அவர் பெயரால் காலட்பேட்டை எனப்பட்ட ஊர், நாளடைவில் காலடிப்பேட்டை ஆயிற்று. பொருள் விளங்காத அயற்சொல்லை மக்கள் எறிந்துவிடவில்லை. தமக்குப் பொருள் தரும் சொல்லாக அதனை மாற்றிக்கொண்டனர். சொல்லுக்குச் செய்த இதனைப் பொருளுக்கும் செய்யலாம் அன்றோ?

இன்று இவ்வூரைச் சூழத் தொழிற்சாலைகளும் பட்டறைகளும் நிறைந்துள்ளன. தெற்கே துறைமுகமும் வடக்கே எண்ணூரும் இருக்கின்றன. இத்தகைய தொழிற்பகுதிகளில் பழைய இரும்புக் கடைகள் பல உண்டு. தேய்ந்த பற்சக்கரம், வளைந்த கம்பி, உடைந்த மிதிவண்டி, துருவேறிய தகரம் ஆகியவை அங்கே குவிந்து கிடக்கும். அவற்றுட் பெரும்பாலானவை உலைக்குச் சென்று உருகிப் புதிய இரும்பாகும். இது கழிபொருளைப் பயன்படுத்தும் ஒரு வழி. மற்றொரு வழியும் உண்டு. பொருளின் வடிவை அழிக்காமல், அவ்வடிவிலேயே ஒரு புதிய அழகைக் காண்பது அது. அதுவே கலைஞனின் வழி. அவ்வழியில் நம் நாட்டில் தோன்றிய மாபெரும் படைப்பு, வடக்கே சண்டிகர் நகரில் உள்ள பாறைத் தோட்டமாகும்.

இதனை ஆக்கியவர் நேக் சந்த். 1924-ஆம் ஆண்டு பஞ்சாபின் சிற்றூர் ஒன்றில் உழவர் குடியிற் பிறந்தவர் இவர். 1947-இல் நாடு பிரிவினையுற்றபோது இவருடைய ஊர் பாகிஸ்தானில் அடங்கியது. ஊரை இழந்து வந்த நேக் சந்த், பின்னர்ச் சண்டிகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளராக அமர்ந்தார். பிரான்சு நாட்டில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே வகுத்த திட்டப்படி அப்புதிய நகரம் அந்நாளில் எழுந்துகொண்டிருந்தது. அதற்காக இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் அகற்றப்பட்டன. இடிந்த வீடுகளின் ஓடுகளும் பானைகளும் வளையல் துண்டுகளும் வழியெங்கும் சிதறிக் கிடந்தன. பிறர் அவற்றைக் குப்பை என்று கண்டனர். ஊரிழந்த இவரோ அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தார்.

1957-ஆம் ஆண்டளவில் இப்பணி தொடங்கியது. நகரின் ஓரத்திலிருந்த காட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றை நேக் சந்த் தேர்ந்துகொண்டார். அஃது அரசு காத்துவந்த நிலம். எவரும் அங்கு எதனையும் கட்டலாகாது. ஆதலின், அலுவல் முடிந்த பின்னர் மாலையிலும் இரவிலும் மறைவாகவே அவர் உழைத்தார். குன்றுப்புறத்துக் கற்களையும் நகரத்துக் கழிவுகளையும் மிதிவண்டியில் ஏற்றிவந்தார்.

அவர் கையாண்ட முறை எளியது. இரும்புக் கம்பியாலோ பழைய மிதிவண்டிச் சட்டத்தாலோ முதலில் எலும்புக்கூடு போன்ற ஓர் அமைப்பைச் செய்வார். அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த சாந்தைப் பூசி உடலை வனைவார். சாந்து உலருமுன் வளையல் துண்டுகளையும் பீங்கான் ஓடுகளையும் அதில் பதிப்பார். நிறமும் வடிவும் நோக்கி ஒவ்வொரு துண்டுக்கும் உரிய இடத்தை வகுப்பார். இவ்வாறு நீர்க்குடம் ஏந்திய மகளிரும், இசைவாணரும், குரங்குகளும், பறவைகளும் அணியணியாய் எழுந்தன. தார் நிரப்பிவந்த பீப்பாய்கள் மதில்களாயின. மின்கருவிகளின் பீங்கான் உறுப்புகள் சுவர்களுக்கு அணிகலன் ஆயின.

ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே அதிகாரிகள் இத்தோட்டத்தைக் கண்டனர். அதற்குள் அது 12 ஏக்கர் அளவு பரந்திருந்தது. சட்டப்படி நோக்கின் அனைத்தும் இடிக்கத்தக்கவையே. ஆயினும் கண்ட மக்கள் வியந்து, அதனைக் காக்க வேண்டும் என்றனர். 1976-இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நேக் சந்துக்கு ஊதியமும் துணையாக ஐம்பது தொழிலாளரும் வழங்கப்பட்டனர். 1984-இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். பின்னொருமுறை தோட்டத்தின் ஒரு பகுதியை இடிக்க இயந்திரங்கள் வந்தபோது, நகர மக்கள் கைகோத்து நின்று தடுத்தனர். 2015-இல் நேக் சந்த் மறைந்தார்.

இவரிடம் விலையுயர்ந்த பளிங்கும் இல்லை. கலைப்பள்ளியிற் பெற்ற பயிற்சியும் இல்லை. இருந்தவை மூன்றே: பிறர் காணாததைக் காணும் கண், பொருள்களை இனம் பிரித்துச் சேர்க்கும் ஒழுங்கு, பல்லாண்டு தளராத உழைப்பு. குப்பையைக் கண்டவாறு ஒட்டிவைப்பதனால் மட்டும் கலை தோன்றாது. எது எங்குப் பொருந்தும் என்று ஆராய்ந்து, பொருந்தாததை விலக்கும் பொறுமையும் வேண்டும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்னும் பழமொழியில், வல்லமையே முதலிடம் பெறுகிறது. புல் அதன்பின் வருவது.

காலடிப்பேட்டையின் பட்டறை வாயிலில் கிடக்கும் துருப்பிடித்த பற்சக்கரம் ஒரு மயிலின் தோகையிலும் இடம்பெறலாம். பூவின் நடுவிலும் அமையலாம். அதன் கூர்முனையைத் தேய்த்து, துருவைத் துடைத்து, உரிய இடத்தில் பொருத்தும் கை வரும்வரையில்தான் அது குப்பை. ஒரு பொருளின் பயன் முடிந்தது என்று தீர்ப்பளிக்குமுன், அதனை மற்றொருமுறை உற்றுநோக்குவது அறிவுடையார் கடமையாகும்.