இடுப்பு வலி சோம்பேறித்தனம் அல்ல



"ஏழு மாசம் ஆச்சு, குடத்தைத் தூக்கினா இடுப்பு கழண்டு போற மாதிரி இருக்கு" என்கிறார் மனைவி. "எங்க அம்மா நிறைமாசத்துலயும் நாத்து நட்டாங்க" என்கிறார் கணவர். அந்த அம்மாவுக்கும் வலித்திருக்கும், கேட்பார்தான் இல்லை.

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. 33 சிறு எலும்புகள் அடுக்கிய தூண். இவற்றை உறுதியான நார்கள் பிணைத்துக் கட்டியுள்ளன. கர்ப்ப காலத்தில் உடம்பில் சுரக்கும் ஹார்மோன்கள் இந்த நார்களைத் தளர்த்துகின்றன. பிரசவத்தின்போது இடுப்புக் கூடு இளகி, குழந்தைக்கு வழிவிடவே இந்த ஏற்பாடு. ஆனால் நார் தளர்ந்தால் மூட்டின் பிடிப்பு குறையும். வயிற்றுப் பாரமும் முன்னால் இழுக்கும். அதனால்தான் வலி.

துலாக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். நீண்ட பக்கத்தில் சால். குட்டைப் பக்கத்தில் பெரிய கல்லைக் கட்டினால்தான் சரிக்கட்டும். முதுகும் அப்படித்தான். 15 கிலோ குடத்தை முதுகெலும்பிலிருந்து 40 செ.மீ. தள்ளிப் பிடித்தால், எலும்புக்குப் பின்னால் சுமார் 5 செ.மீ. தூரத்திலுள்ள தசை எட்டு மடங்கு, அதாவது 120 கிலோ பலத்தோடு இழுக்க வேண்டும். 20 செ.மீ. தூரத்தில் அணைத்துப் பிடித்தால் 60 கிலோ போதும்.

ஆகவே:

1. கர்ப்பிணிகள் பெரிய குடம், விறகுக் கட்டு தூக்க வேண்டாம். கணவரே தண்ணீர் கொண்டுவந்து நிரப்புங்கள்.

2. சிறு பாரமானாலும் முழங்காலை மடித்து, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருகாதீர்கள். பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள்.

3. ஒருக்களித்துப் படுங்கள். முழங்கால்களுக்கு நடுவே மடித்த சேலை வைத்தால் சுகமாக இருக்கும். எழும்போது கையூன்றி எழுங்கள்.

4. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கேழ்வரகு, பால், முருங்கைக்கீரை சேர்த்துக்கொள்ளுங்கள். செவிலியர் தரும் கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள்.

காலில் மரத்துப்போதல், விட்டுவிட்டு வரும் அடிவயிற்று வலி, காய்ச்சல், உதிரப்போக்கு இருந்தால் "சூட்டு வலிதான்" என்று இருந்துவிடாதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். அவசரத்துக்கு 108-ஐ அழையுங்கள்.

பிள்ளை பிறந்த மறுநாளே நார்கள் இறுகிவிடாது. சில மாதம் ஆகும். அதுவரை குடம் கணவர் தோளிலேயே இருக்கட்டும்.