மேடை மறுக்கப்பட்ட ராக் இசை

பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யூனிவர்ஸ் என்ற ராக் இசைக்குழு 1968இல் பிராக் நகரில் உருவானது. சில வாரங்களுக்கு முன்புதான் சோவியத் தலைமையிலான டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்து, அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் அலெக்சாண்டர் டூப்செக் தொடங்கிய சீர்திருத்தங்களுக்கு முடிவு கட்டியிருந்தன. குழுவைத் தொடங்கிய பாஸ் கிதார் கலைஞர் மிலான் ஹ்லவ்சாவுக்கு அப்போது பதினேழு வயது. அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவின் பாடலொன்று குழுவுக்குப் பெயர் தந்தது. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் முரட்டு ஓசை வழிகாட்டியது.

அந்நாட்டில் கட்டணம் பெற்று மேடையேற அப்போது அரசின் அனுமதி வேண்டியிருந்தது. 1970இல் இக்குழு அதை இழந்தது. அரசுக்குச் சொந்தமான கருவிகளும் கைவிட்டுப் போயின. பாடல்களை மாற்றி, தலைமுடியை வெட்டிக்கொண்டு தப்பித்த குழுக்கள் பல உண்டு. இவர்கள் இணங்கவில்லை. கிராமத்து மதுக்கடைகளிலும் நண்பர்களின் திருமணங்களிலும் வாசித்தார்கள். இடம் எதுவென்ற செய்தி வாய்மொழியாகவே பரவியது. 1974இல் செஸ்கே புத்யேயோவிட்ஸே அருகே நடக்கவிருந்த நிகழ்ச்சிக்கு வந்த ரசிகர்களைக் காவல்துறை தடியால் அடித்து விரட்டியது.

குழுவின் கலை வழிகாட்டியான இவான் யிரௌஸ் கலை வரலாறு படித்தவர். அரசு வளர்க்கும் பண்பாட்டோடு போட்டியிடவோ அதன் அங்கீகாரத்துக்குக் காத்திருக்கவோ வேண்டாம், அதற்கு வெளியே ‘இரண்டாம் பண்பாடு’ ஒன்றைக் கட்டுவோம் என்று 1975இல் அவர் எழுதினார். ஆட்சியைக் கவிழ்ப்பது இந்த இளைஞர்களின் நோக்கமல்ல. தடைசெய்யப்பட்ட கவிஞர் எகோன் போன்டியின் வரிகளுக்கு இசையமைத்து, தம் மனம் சொன்னபடி வாழ விரும்பினார்கள், அவ்வளவே. எதிர்க்கட்சியை அடக்கத் தெரிந்த அரசுக்கு, தன்னைப் பொருட்படுத்தாத இளைஞர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை.

1976 பிப்ரவரியில் யிரௌஸின் திருமணத்தையொட்டி போயனோவிட்ஸே கிராமத்தில் ஓர் இசைவிழா நடந்தது. அடுத்த மாதமே கைதுகள் தொடங்கின. பொது அமைதியைக் குலைத்ததாகக் குற்றச்சாட்டு. செப்டம்பரில் யிரௌஸுக்குப் பதினெட்டு மாதமும், பாடகர் பவெல் ஸாயீசெக்குக்கு ஓராண்டும், சாக்ஸபோன் கலைஞர் விரதிஸ்லாவ் பிரபெனெட்ஸ், பாடும் பாதிரியார் ஸ்வதோப்லுக் கராசெக் இருவருக்கும் எட்டு மாதமும் சிறை விதிக்கப்பட்டது.

நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் இந்த வழக்கைக் கூர்ந்து கவனித்தார். அரசியலே பேசாதவர்களைப் பாடியதற்காகச் சிறையில் தள்ள முடியுமானால் நாளை யாரையும் தள்ளலாம் என்பது அவருக்குப் புரிந்தது. பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் முன்னாள் கம்யூனிஸ்டுகளும் மதகுருமார்களும் நீள்முடி இளைஞர்களுக்காக ஒன்றுகூடினார்கள். முன்பு ஒருவரையொருவர் நம்பாதிருந்தவர்கள் இவர்களில் பலர். 1977 ஜனவரியில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட ‘சாசனம் 77’ வெளிவந்தது. அரசு தானே ஏற்றுக்கொண்ட மனித உரிமை ஒப்பந்தங்களை மதிக்க வேண்டும் என்று அது கேட்டது. சாசனத்தின் முதல் செய்தித் தொடர்பாளர்களில் ஒருவரான தத்துவ அறிஞர் யான் பதோச்கா, நீண்ட காவல்துறை விசாரணைகளைத் தொடர்ந்து அவ்வாண்டு மார்ச்சில் இறந்தார்.

குழு அதன் பிறகும் வாசித்தது. 1978இல் ஹாவெலின் கிராமத்து வீட்டிலேயே ஓர் இசைத்தொகுப்பைப் பதிவுசெய்தது. தொல்லை தாங்காமல் பிரபெனெட்ஸ் 1982இல் கனடாவுக்குப் போனார். 1988இல் குழு கலைந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஆட்சி சரிந்தது. டிசம்பரில் ஹாவெல் குடியரசுத் தலைவரானார். சாசனத்தின் இருபதாம் ஆண்டான 1997இல், அவருடைய விருப்பத்தின்பேரில் பிளாஸ்டிக் பீப்பிள் மீண்டும் ஒன்றுசேர்ந்தது.