மகளுக்கு இரண்டு பெயர்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மன்றோவில் என்றொரு சிற்றூர். 1926-ல் அங்கே பிறந்த ஒரு பெண் குழந்தைக்குப் பெற்றோர் யோசித்து யோசித்துப் பெயர் வைத்தார்கள். பாட்டியின் பெயர் எலன். அந்த ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து அடுக்கினால் 'நெல்' என்று வரும். அது முதல் பெயர். குழந்தையின் அக்கா நோயில் விழுந்தபோது பிழைக்கவைத்த டாக்டரின் பெயர் ஹார்ப்பர், அது நடுப்பெயர். பெண்களுக்கு அபூர்வமாக வைக்கப்பட்ட பெயர் அது.

அந்தக் குழந்தை வளர்ந்து நாவல் எழுதியது. அட்டையில் 'நெல்' என்று போட்டால் 'நெல்லி' என்று வாசித்துவிடுவார்களே என்ற கவலையில் முதல் பெயரை விட்டுவிட்டு நடுப்பெயரைப் போட்டுக்கொண்டார். 1960-ல் 'டு கில் எ மாக்கிங்பேர்டு' வெளிவந்தது. ஹார்ப்பர் லீயை உலகம் தெரிந்துகொண்டது. நெருங்கியவர்களுக்கோ அவர் நெல்தான்.

மகளுக்கு யாரும் வைக்காத பெயராக வைக்க வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. இரண்டு பெயரையும் ஆசையாக வைத்தார்கள். எதை எங்கே பயன்படுத்துவது என்பதை அவர் முடிவுசெய்தார். அந்த உரிமையைக் கொடுத்தது நடுப்பெயர்.

நடுவில் இருக்கும் இடம்

ஆங்கிலம் பேசும் நாடுகளில் பெயருக்கு மூன்று பகுதி. கூப்பிடும் பெயர் முதலில், குடும்பப் பெயர் கடைசியில். இடையில் வருவது பெரும்பாலும் பாட்டி பெயர், அத்தை பெயர் அல்லது அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். அன்றாடம் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாஸ்போர்ட்டிலும் பட்டமளிப்பு விழா மேடையிலும்தான் அது முழுசாக வெளியே வரும். ஆனால் தேவைப்படும்போது முன்னால் வந்து நிற்கும். பாடகி ரிஹானாவின் முதல் பெயர் ராபின். உலகம் அறிந்தது நடுப்பெயரை. எழுத்தாளர் ஜே.கே. ரோலிங்குக்குப் பிறப்பில் நடுப்பெயரே இல்லை. இரண்டு இனிஷியல் வேண்டும் என்று பதிப்பகம் கேட்டபோது, பாட்டி கேத்லீனை நினைத்து 'கே' சேர்த்துக்கொண்டார்.

நமக்கும் ஒரு பிள்ளைக்குப் பல பெயர் புதிதல்ல. காதில் மூன்று முறை சொல்லும் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பெயர் ஒன்று. காகிதத்தில் ஏறுவது ஒன்றுதான். முன்னால் அப்பாவின் இனிஷியல். இந்த வழக்கத்தோடு லண்டனுக்கோ டொரண்டோவுக்கோ போனால் படிவத்தில் மூன்று கட்டம் காத்திருக்கிறது. இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு, அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகி வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஆசையாக வைத்த பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குத் தள்ளப்பட்டு, கவுண்டருக்குக் கவுண்டர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். வெளிநாட்டில் மகள் பிறக்கும்போது நடுக்கட்டத்தை என்ன செய்வது என்ற கேள்வி தமிழ்க் குடும்பங்களுக்கு இப்படித்தான் வந்து சேர்கிறது.

கமலா தேவி, மாயா லட்சுமி

பலர் எடுக்கும் முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளைக்கார டீச்சர் சுலபமாகச் சொல்லக்கூடிய பெயர் முன்னால். தமிழ்ப் பெயர் நடுவில், யார் கண்ணிலும் படாமல். பிள்ளை சிரமப்படக் கூடாது என்ற அக்கறை அது. குறை சொல்ல முடியாது. ஆனால் வேறு வழியும் உண்டு.

சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலன், 1964-ல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் மூத்த மகளைப் பெற்றார். கணவர் ஜமைக்காக்காரர். முதல் பெயர் கமலா. நடுப்பெயரை முதலில் 'ஐயர்' என்று பதிவுசெய்து, பிறகு 'தேவி' என்று திருத்தினார்கள். ஆக, கமலா தேவி ஹாரிஸ். தங்கைக்கு மாயா லட்சுமி. பெண் தெய்வங்களைக் கும்பிடும் பண்பாடு வலிமையான பெண்களை உருவாக்கும் என்று ஷியாமளா பின்னாளில் ஒரு பேட்டியில் காரணம் சொன்னார். அந்த ஊருக்குப் பழக்கமில்லாத பெயரை அவர் ஒளித்துவைக்கவில்லை, முன்னால் நிறுத்தினார்.

அதற்கு விலையும் இருந்தது. கமலா துணை ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட 2020 தேர்தல் பிரசாரத்தில், ஜார்ஜியாவைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் ஒருவர் மேடையிலேயே அந்தப் பெயரைத் திரித்துக் கேலி செய்தார். பதிலுக்கு, உச்சரிக்கக் கடினம் என்று ஒதுக்கப்பட்ட பெயருள்ளவர்கள் ஏராளமாகத் தங்கள் பெயரையும் அதன் பொருளையும் சமூக வலைதளங்களில் எழுதினார்கள். 2021 ஜனவரியில் கமலா துணை ஜனாதிபதியாகப் பதவியேற்றார். 2024-ல் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் குடும்பத்துச் சிறுமிகள் இருவர் மேடையேறி, அரங்கத்தை 'கமா', 'லா' என்று இரண்டு பாதியாகச் சொல்லவைத்துப் பெயரைக் கற்றுக்கொடுத்தார்கள். உலகத்துக்குக் கற்றுக்கொள்ள முடியும். கற்றுக்கொடுக்க வீட்டில் ஆள் வேண்டும்.

புதுமை எல்லை மீறினால்

எந்தப் பெயரும் வைக்கலாம் என்பதல்ல இதன் பொருள். நியூசிலாந்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஹவாய் நடனம் பற்றிய ஒரு முழு வாக்கியமே பெயராக இருந்தது. தோழிகளிடம்கூட அதைச் சொல்ல வெட்கப்பட்டு, வெறும் 'கே' என்று கூப்பிடச் சொன்னாள். 2008-ல் வெளியான தீர்ப்பில், பெயரை மாற்றுவதற்காகவே நீதிபதி அவளை நீதிமன்றப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். பிரான்ஸில் 1993 முதல் பெற்றோர் விரும்பிய பெயரை வைக்கலாம். குழந்தையின் நலனுக்குக் கேடு என்றால் நீதிமன்றம் தலையிடும். மகளுக்கு 'நுடெல்லா' என்று சாக்லேட் விழுதின் பெயரை வைத்த தம்பதிக்கு அதுதான் நடந்தது. நீதிமன்றம் 'எல்லா' என்று மாற்றியது.

அதிகாரிகள் எல்லை மீறுவதும் உண்டு. ஐஸ்லாந்தில் பெயர்களை அனுமதிக்க அரசுக் குழுவே இருக்கிறது. 'ப்ளாயர்' என்பது இலக்கணப்படி ஆண்பால் என்று சொல்லி ஒரு பெண்ணுக்கு அதை மறுத்தார்கள். அரசுப் பதிவேடுகளில் அவள் வெறும் 'பெண்' என்றே இருந்தாள். 2013-ல், பதினைந்து வயதில், ரெய்க்யாவிக் நீதிமன்றத்தில் தன் பெயரை வென்றாள்.

நியூசிலாந்துச் சிறுமிக்கும் ஐஸ்லாந்துச் சிறுமிக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமானது. ஒருத்தியை அவள் பெயரிலிருந்து நீதிமன்றம் விடுவித்தது. இன்னொருத்தி தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நீதிமன்றம் போனாள். பெயர் அபூர்வமானதா என்பது கேள்வியே அல்ல. அதைச் சுமப்பவளுக்கு அது பிடித்திருக்கிறதா என்பதே கேள்வி. நம் கிராமங்களில் அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறந்தபோது வைத்த 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' ஆகியவையும் வழக்கத்துக்கு மாறான பெயர்கள்தான். பெரியவர்களின் ஏமாற்றத்தைக் குழந்தையின் தலையில் ஏற்றிய அந்தக் கொடுமை இனி எந்த வீட்டிலும் நடக்கக் கூடாது.

வைப்பதற்கு முன்

அபூர்வம் என்பது நிலையானதும் அல்ல. 1984-ல் வந்த 'ஸ்பிளாஷ்' படத்தில் கடல்கன்னி ஒருத்தி நியூயார்க் வீதிப் பலகையைப் பார்த்து 'மேடிசன்' என்று பெயர் வைத்துக்கொள்வாள். வேடிக்கையாக எழுதிய காட்சி. 2001-ல் அமெரிக்கப் பெண் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலில் அது இரண்டாம் இடம் பிடித்தது. ஹார்ப்பரும் 2015-ல் முதல் பத்துக்குள் வந்துவிட்டது. அதனால், யாரும் வைக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒரு பெயரை வைக்காதீர்கள். ஊரெல்லாம் அதே பெயர் வந்தாலும் உங்களுக்குப் பிடிக்குமா என்று பாருங்கள்.

மூன்று பகுதியையும் சேர்த்து உரக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு முதல் எழுத்துகளை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். பிரியா இசை கோபால் கேட்க எவ்வளவு இனிமை! ஆனால் இனிஷியல் 'பி.ஐ.ஜி.' என்று நிற்கும். வகுப்பில் ஒரு பிள்ளை கண்டுபிடித்தால் போதும். 'ழ' உள்ள பெயருக்கு 'இசட்-எச்' போடுவீர்கள்; யாழினியை யாசினி என்றுதான் முதலில் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தே வையுங்கள். விமான டிக்கெட்டில் முதல் பெயரும் நடுப்பெயரும் இடைவெளியின்றி ஒட்டி வரலாம். ஒட்டிய பிறகு எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள்.

அவசரமும் வேண்டாம். இங்கிலாந்தில் பிறப்பைப் பதிவுசெய்ய 42 நாள் அவகாசம் உண்டு; பதிந்த பின்னும் 12 மாதத்துக்குள் பெயரை மாற்றலாம். இந்தியாவில் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்து, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். புதுமையான பெயரைத் தாராளமாக வையுங்கள். தமிழ்ப் பெயரை முன்னால் வைக்கத் தயங்காதீர்கள். கூடவே, இன்னொரு நல்ல பெயரை நடுவில் வையுங்கள். இரண்டும் ஏன் வந்தன என்ற கதையை மகளுக்குச் சிறு வயதிலேயே சொல்லிவிடுங்கள். எதைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது என்பதை அவளிடம் விட்டுவிடுங்கள்.