அயக்காந்தப் பரிவும் வெப்பமும்: திருகோணமலையை முன்வைத்து ஒரு விளக்கம்

1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது, அவற்றின் வருகையைப் பிரித்தானியரின் ரேடார் நிலையம் முன்னதாகவே கண்டுகொண்டது. அப்போர்க்காலத்தில் துரிதமாக வளர்ந்த நுண்ணலை நுட்பம் பின்னர் ஆய்வுகூடங்களை வந்தடைந்தது. அதன் துணையுடனேயே 1946இல் ஒக்ஸ்போட்டில் கிரிபித்ஸ் அயக்காந்தப் பரிவினைக் கண்டறிந்தார். அடுத்த ஈராண்டுகளுள் கிற்றல் அதற்குரிய கோட்பாட்டை வகுத்தார்.

இரும்பு, மக்னதைற்று, பெரைற்று முதலியவற்றில் இலத்திரன்களின் காந்தத் திருப்பங்கள் ஒருங்கே அணிவகுத்துள்ளன. நிலையான காந்தப்புலத்தில் அவை தலைசாய்ந்த பம்பரம்போல் அப்புலத்தைச் சுற்றி வருகின்றன. இச்சுற்றின் மீடிறன் ஒரு தெசுலாவுக்கு ஏறத்தாழ 28 கிகாஹேட்சு ஆகும். அதே மீடிறனுடைய நுண்ணலையைச் செங்குத்தாகச் செலுத்தின் பரிவு நிகழும். கப்பல் ரேடாரின் 9.4 கிகாஹேட்சு அலைக்கு, கோளவடிவ மாதிரியொன்றில், ஏறத்தாழ 0.34 தெசுலா புலம் போதுமானது.

ஆயின் வெப்பம் எங்கிருந்து பிறக்கின்றது? பரிவு ஆற்றலைப் பெறும் வாயில் மட்டுமே. அதனை வெப்பமாக்குவது தணிப்பு. 1935இலேயே லாண்டாவும் லிப்சிற்சும் இத்தணிப்பைச் சமன்பாட்டில் இடம்பெறச் செய்திருந்தனர். சுழலும் திருப்பங்களின் ஆற்றல் காந்த அலைகளாகச் சிதறி, ஈற்றில் அணுக்களின் அதிர்வாகின்றது. உலோகங்களில் சுழிப்பு மின்னோட்டமும் இதனோடு சேரும். நுண்ணலைப் புலத்தின் வீச்சு இருமடங்காயின், குறைந்த வலுவில், வெப்பம் நான்கு மடங்காகும்.

வெப்பநிலை உயர காந்தமாக்கம் குறையும். தட்டை வடிவ மாதிரிகளில் இதனால் பரிவுக்குரிய புலமும் பெயர்ந்துவிடும். ஆதலின் ரேடாரின் பெரைற்றுச் சுற்றனுப்பிகளைப் பரிவினின்றும் விலக்கியே இயக்குவர். மாறாக, திரும்பிவரும் அலையை உறிஞ்ச வேண்டிய பரிவுத் தடுப்பிகளில் இவ்வெப்பமே வேண்டப்படும் விளைவாகும்.

இனி, திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புல்மோட்டையை நோக்குவோம். அதன் கருமணலில் இல்மனைற்று, உருத்தைல், சேர்க்கன் ஆகியன உள்ளன. இல்மனைற்றை வலிய காந்தத்தாற் பிரித்தெடுக்கின்றனர். இரும்பு கலந்த கனியம், காந்தத்தால் ஈர்க்கப்படுவது; எனவே அதிலும் அயக்காந்தப் பரிவு நிகழுமெனக் கருதத் தோன்றும். அது பொருந்தாது. தூய இல்மனைற்று அறை வெப்பநிலையில் பரகாந்தப் பொருள். அதன் திருப்பங்கள் ஏறத்தாழ −215 பாகை சதமத்துக்குக் கீழேதான் அணிவகுக்கும். அப்போதும் எதிரெதிராகவே அணிவகுக்கும். காந்தம் ஈர்ப்பதெல்லாம் அயக்காந்தமன்று.

1957இல் இக்கனியத்துக்கெனக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. எனினும் அது நெடுங்காலமாகப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறி வந்துள்ளது. பெரைற்றோ அரிய பொருளன்று. இரும்பு ஒட்சைட்டோடு பிற உலோக ஒட்சைட்டுகளைச் சேர்த்துச் சுட்டெடுப்பதே. மண்ணுக்கும் பொருளுக்குமிடையே நிற்பது அறிவு. அவ்வறிவு மக்கள் மொழியில் பரவாதவரை, மணலை விற்றுக் கருவியை வாங்கும் நிலை மாறாதென்பதே எமது கருத்து.