கார்ல அப்படி என்னதான் இருக்கு?

மெக்கானிக்கல் கண்ணோட பார்த்தா கார் ஒரு மெஷின், அவ்வளவுதான். ஓவர்லாக் மெஷினும் ஒரு மெஷின். ஆனா கம்பெனிக்குப் புது ஓவர்லாக் வந்து இறங்கினா யாரும் பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்கறதில்லை. சம்பாதிச்சுக் கொடுக்கறது அந்த மெஷின்தான், ஆனா மாலையும் ஸ்டேட்டஸும் காருக்குத்தான். ஏன்? உளவியல் இதுக்குச் சில சுவாரஸ்யமான பதில்கள் வெச்சிருக்கு.

தேவையா, ஆசையா?

நெதர்லாந்து ஆய்வாளர் லிண்டா ஸ்டெக், தினமும் வேலைக்குக் காரில் போறவங்களை ஆய்வு செய்து 2005ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நேரம், செலவு, வசதின்னு நாம சொல்ற காரணங்களை விட, கார் தர்ற கௌரவமும் ஓட்டும்போது வர்ற உணர்வும்தான் கார் பயன்பாட்டோட அதிகமா ஒத்துப்போச்சு. அதாவது ‘மழை வந்தா நனையாம போகலாம்’ங்கிறது பெரும்பாலும் வீட்டுல அப்பாகிட்ட சொல்ற காரணம். உள்ளுக்குள்ள ஓடுற காரணம் வேற.

முன்னாடி ஒரு முகம்

ஒரு காரை நேரா முன்னாடி நின்னு பாருங்க. ஹெட்லைட் கண்ணு, கிரில் வாய். மனுஷ மூளை முகங்களைத் தேடிக்கிட்டே இருக்கும். மேகத்துல கூட கண்டுபிடிக்கும். 2008ல் வியன்னா பல்கலைக்கழகக் குழு ஒன்று கார்களோட முன்பக்கப் படங்களைக் காட்டி, மனுஷங்களை மதிப்பிடற மாதிரி மதிப்பிடச் சொன்னாங்க. எந்தக் கார் அதிகாரம் உள்ளதா தெரிஞ்சதோ, அதுதான் அதிகமா பிடிச்சதும்: அகலமான உடம்பு, ஒடுங்கின ஹெட்லைட். எஸ்.யூ.வி.கள் எல்லாம் ஏன் முறைச்சுப் பார்க்குதுன்னு இப்ப புரியும்.

நமக்கு இது புதுசா என்ன? ஆயுத பூஜைக்கு பானெட்ல சந்தனப் பொட்டு வெச்சு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெக்கிற ஊர் இது. ‘படிக்காதவன்’ (1985) படத்துல ரஜினியோட டாக்ஸிக்குப் பேரே லட்சுமி.

நகர்ற சாட்சி

திருப்பூருக்கே உரிய காரணம் இனிமேல்தான் வருது. நம்ம ஊர்த் தொழில் ஒரே கூரைக்குள்ள நடக்கறதில்லை. நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், ஸ்டிச்சிங் ஒரு இடம்னு துணி கைமாறிக்கிட்டே போகும். ஜாப் ஒர்க் பண்றவர் முதல்ல வேலையை முடிப்பார், பணம் பின்னாடி வரும். அப்போ எதிர்ல இருக்கறவர் பணம் தருவாரான்னு எதை வெச்சு நம்பறது? பேங்க் பேலன்ஸ் வெளிய தெரியாது. வீட்டைத் தூக்கிட்டு கல்யாண மண்டபத்துக்கு வர முடியாது. கார் வரும்.

பொருளாதாரத்துல இதுக்குப் பேர் சிக்னலிங். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973ல் வேலைச் சந்தையை வெச்சு இதை விளக்கினார். பொய் சொல்றவனால சுலபமா காட்ட முடியாத, செலவு பிடிக்கிற அடையாளத்தைத்தான் அடுத்தவங்க நம்புவாங்க. விலை கூடுதலா இருக்கறதே அதோட வேலை.

இதோட மறுபக்கத்தை டாடா நானோவுல பார்க்கலாம். 2009ல் ஒரு லட்ச ரூபாய் கார்னு பெரிய எதிர்பார்ப்போட வந்தது. 2018ல் உற்பத்தி நின்னுபோச்சு. தயாரிப்பு, பாதுகாப்பு பத்தின விமர்சனங்களும் இருந்தது. ஆனா ‘ரொம்ப மலிவான கார்’ங்கிற முத்திரையே அதுக்குப் பாதகமாச்சுன்னு ரத்தன் டாடாவே பின்னாடி சொன்னார்.

இதை வெறும் பந்தான்னு ஒதுக்கிடவும் முடியாது. திருப்பூரை ஆராய்ந்து ஷரத் சாரி எழுதின புத்தகம் 2004ல் வந்தது. தொழிலாளியா ஆரம்பிச்சு முதலாளி ஆனவங்க, தங்களோட வளர்ச்சிக்குக் காரணமா சொன்ன வார்த்தை ‘உழைப்பு’. டேபிள்ல கட்டிங் போட்டு ஆரம்பிச்ச ஒருத்தருக்கு கார், அந்த உழைப்புக்கு ஊரே பார்க்கிற சாட்சி.

சிக்கல் ஆர்டர் குறையும்போது வரும். காரை வித்தா கடன் அடையும். ஆனா வித்த செய்தி பரவினா ‘கையில காசு இல்லை போல’ன்னு நூல் கடன் கொடுக்கறவர் யோசிப்பார். நம்பிக்கை சம்பாதிக்க வாங்கின காரே, இறங்க விடாத புலிவாலா மாறிடும்.

பக்கத்து வீட்டு பி.எம்.டபிள்யூ

நெதர்லாந்துல தபால் கோடு வெச்சு ஒரு லாட்டரி நடக்குது. ஒரு கோடு ஜெயிச்சா, அங்க டிக்கெட் வாங்கின எல்லாருக்கும் பணம், ஒருத்தருக்கு பி.எம்.டபிள்யூ. 2011ல் வெளியான ஆய்வு ஒன்று டிக்கெட்டே வாங்காத பக்கத்து வீட்டுக்காரங்களைக் கவனிச்சது. அவங்களும் கார்ல கூடுதலா செலவு பண்ணியிருந்தாங்க. அவங்க வருமானம் ஒரு பைசா ஏறலை, பக்கத்து வீட்டு வாசல்தான் மாறியிருந்தது.

வாங்கின அப்புறம்?

நோர்பர்ட் ஷ்வார்ஸும் அவரோட சகாக்களும் கார் ஓட்டறவங்ககிட்ட ரெண்டு விதமா கேட்டாங்க. ‘பொதுவா உங்க காரை ஓட்டும்போது எப்படி இருக்கும்?’னு கேட்டப்போ விலை உயர்ந்த கார் வெச்சிருந்தவங்க கூடுதல் சந்தோஷம் சொன்னாங்க. ‘கடைசியா ஓட்டினப்போ எப்படி இருந்தது?’னு கேட்டப்போ காரோட விலைக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை. காரணம் எளிது: காரைப் பத்தி நினைக்கும்போதுதான் கார் சந்தோஷம் தருது. ஓட்டும்போது மனசு டிராஃபிக்லயும் ஆபீஸ்லயும் இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு புஷ்பா தியேட்டர் பக்கம் மாட்டிக்கிட்டா, எட்டு லட்சம் காரும் எண்பது லட்சம் காரும் ஒரே வேகம்தான்.

பிளேஸ்மென்ட் கிடைச்சதும் முதல்ல கார் லோன்னு முடிவோட இருக்கற நண்பர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருஷம்னு வெச்சுக்கோங்க. மாசம் சுமார் 12,870 ரூபாய். மொத்தம் கட்டறது ஏறக்குறைய 10.8 லட்சம். 84 மாசமும் அந்தப் பணம் சம்பளத்துல இருந்து முதல்ல போயிடும். பிடிக்காத வேலையை விடற தைரியமும் கூடவே போயிடும்.

கார் ஆசை தப்பில்லை. அந்த ஆசையில எவ்வளவு பயணத்துக்கு, எவ்வளவு அடுத்தவங்க கண்ணுக்குன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியணும். அதுக்கு ஒரு சின்ன சோதனை போதும்: இந்தக் காரை வாங்கறது யாருக்குமே தெரியாது, போட்டோ போட முடியாது, சொந்தக்காரங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாதுன்னா, அப்பவும் இதே மாடலைத்தான் எடுப்பீங்களா? ஆமான்னா, தாராளமா எடுங்க.