உங்களுக்குத் தெரியுமா? வெள்ளைப் பாறைக் கரையில் ஒரு சைக்கிள் சவாரி

பிரான்சின் வடக்கே லு ஆவ்ர் துறைமுகத்தில் தொடங்கி லு த்ரெபோர் வரை ஏறத்தாழ 130 கிலோமீட்டருக்கு வெள்ளைச் சுண்ணப் பாறை செங்குத்தாக நிற்கிறது. ஆங்கிலக் கால்வாயின் மறுபுறம் டோவரிலும், ஈஸ்ட்போர்னுக்கும் பிரைட்டனுக்கும் நடுவிலும் அதே வெள்ளை. இரு கரைகளிலும் பாறை விளிம்பை ஒட்டிச் சாலைகள் உண்டு. அங்கே சைக்கிள் மிதிக்கப் போகிறவர்களுக்கும், போகாமலே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் சில துணுக்குகள்.

◆ அந்த வெண்மை முழுவதும் உயிரினங்களின் மிச்சம். டைனோசர்கள் உலவிய கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில், வெதுவெதுப்பான கடலில் மிதந்த நுண்பாசிகள் தம்மைச் சுற்றிச் சுண்ணத் தகடுகளைக் கட்டிக்கொண்டன. அவை மடிந்ததும் தகடுகள் கடலடியில் படிந்தன. ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற வேகத்தில் படிந்துதான் 100 மீட்டருக்கு மேல் உயர்ந்த இந்தப் பாறைகள் உருவாயின. ஒரு தகட்டின் வடிவத்தைத் தெளிவாகப் பார்க்க எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

◆ நம் அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புப் படிவுகளும் கிரெட்டேசியஸ் காலக் கடலின் மிச்சங்கள்தான். அங்கே கிடைக்கும் அம்மோனைட் படிமங்களின் உறவினர்கள் இந்தக் கரைகளிலும் கிடைக்கின்றன. அரியலூரில் அந்தப் படிவு சிமென்ட் ஆலைக்குப் போகிறது, இங்கே சுற்றுலாப் பயணிகளின் கேமராவுக்கு.

◆ கடலோரச் சாலை என்றால் சமதளம் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாறும் இடம் இது. காரணம் பாறையிலேயே இருக்கிறது. சுண்ணப் பாறை மழைநீரை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் மேட்டில் ஓடை என்று சொல்ல அதிகம் இல்லை. பழங்காலத்தில் தண்ணீர் அறுத்த பள்ளத்தாக்குகள் இன்று வறண்டு கிடக்கின்றன. கடலோ பாறையை அடியில் அரித்துப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆழம் தோண்ட ஓடை இல்லாததால் பல பள்ளத்தாக்குகள் கடற்கரை மட்டத்தைத் தொடாமலே, பாறையின் நடுவயிற்றில் அந்தரத்தில் முடிந்துவிடுகின்றன. சாலை இந்தப் பள்ளங்கள் ஒவ்வொன்றிலும் இறங்கி, மறுபக்கம் ஏற வேண்டும். இறக்கத்தில் வேகம் பிடிப்பதற்குள் ஒரு ஊர், ஒரு தேவாலயம், ஒரு வளைவு, உடனே ஏற்றம். தனியாக எடுத்துப் பார்த்தால் எந்த ஏற்றமும் பெரிதில்லை. மாலையில் மொத்தமாகக் கூட்டிப் பார்க்கும்போதுதான் தொடை கணக்குக் கேட்கும்.

◆ இந்தச் சின்ன ஏற்றங்களில்தான் ஒரு வரலாறும் எழுதப்பட்டது. 2015 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் 6ஆம் கட்டம் அபெவில் நகரத்திலிருந்து இந்தக் கரையோரமாக லு ஆவ்ர் வரை சென்றது. வழியில் தியெப், பூர்வில், லு தியூல் என மூன்று ஏற்றங்கள். மூன்றுமே நான்காம் தரம், அதாவது மலையேற்றக் கணக்கில் மிகச் சிறியவை. உச்சியை முதலில் தொடுகிறவருக்குத் தலா ஒரே புள்ளி. எரித்ரியாவைச் சேர்ந்த டேனியல் டெக்லேஹைமனோட் முன்னால் பிரிந்து சென்று அந்தப் புள்ளிகளைச் சேர்த்தார். சிறந்த மலையேற்ற வீரருக்கான சிவப்புப் புள்ளிச் சட்டை அன்று மாலை அவர் தோளுக்கு வந்தது. அதை அணிந்த முதல் ஆப்பிரிக்கர் அவர்தான். ஆல்ப்ஸும் பிரனீஸும் இருக்கும் பந்தயத்தில், அந்த முதல் சட்டையைக் கொடுத்தது கடலோர மேடுகள் என்பது எனக்கு இன்றும் பிடித்த வேடிக்கை.

அதே நாளில், மஞ்சள் சட்டையில் இருந்த ஜெர்மனியின் டோனி மார்ட்டின் கடைசி கிலோமீட்டரில் விழுந்து காறையெலும்பை முறித்துக்கொண்டார். அணித் தோழர்கள் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே கோட்டைக் கடக்க வைத்தார்கள். முதலிடத்தில் இருந்தவர், மறுநாள் பந்தயத்தில் இல்லை.

◆ எந்தத் திசையில் மிதிப்பது? இந்தக் கரையில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. கரையும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகவே நீள்கிறது. ஆகவே லு ஆவ்ரில் தொடங்கி தியெப் பக்கம் போனால் காற்று முதுகில் இருக்கும். 2015இல் வீரர்கள் போனது எதிர்த்திசையில். அவர்களுக்குச் சம்பளம் உண்டு, நமக்கு இல்லை.

◆ பாறையின் குறுக்கே கறுப்புக் கோடுகள் வரிசையாகத் தெரிகின்றனவே, அவை சிக்கிமுக்கிக் கற்கள். கற்கால மனிதன் கோடரியாகவும் கத்தியாகவும் பயன்படுத்திய அதே கல். உடைந்தால் விளிம்பு கண்ணாடி போல் வெட்டும். மழைக்குப் பிறகு மேட்டு வயல்களிலிருந்து சில்லுகள் சாலைக்கு அடித்து வரப்படும், மெல்லிய டயர்களுக்கு அன்று கெட்ட நாள். பஞ்சர் ஆனதும் புது டியூபை அவசரமாக மாட்டிவிடாதீர்கள். டயரின் உட்புறத்தை விரல் நுனியால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். ரப்பருக்குள் புதைந்த நகக்கண் அளவுச் சில்லு ஒன்று அங்கேயே காத்திருக்கும். அதை எடுக்காவிட்டால் பத்து நிமிடத்தில் அடுத்த டியூபும் போகும்.

◆ வழியில் வரும் வூல்-லெ-ரோஸ் கிராமத்தில் ஓர் ஆறு பிறந்து, அங்கேயே கடலில் சேர்ந்துவிடுகிறது. மொத்த நீளம் சுமார் 1,150 மீட்டர். பிரான்சில் கடலில் கலக்கும் ஆறுகளில் மிகச் சிறியது இதுதான். முழு ஆற்றையும் சைக்கிளில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

◆ எத்ரெத்தாவின் பாறை வளைவையும் அதன் அருகே நிற்கும் ஊசிப் பாறையையும் ஓவியங்களில் பார்த்திருப்பீர்கள். பலமுறை வந்து வரைந்தவர் குளோது மோனே. 1885 நவம்பரில் அலைகள் ஏறும் நேரத்தைத் தவறாகக் கணித்து, பாறையடியில் வரைந்துகொண்டிருந்தார். ஒரு பேரலை அவரைப் பாறையில் மோதவிட்டு இழுத்துப்போனது. தப்பினார், வரைந்துகொண்டிருந்த ஓவியமும் அதைத் தாங்கிய சட்டமும் தப்பவில்லை. பின்னாளில் தன் மனைவியான பெண்ணுக்கு இதைக் கடிதமாக எழுதினார்.

இதே ஊசிப் பாறை உள்ளே குடைவாக இருப்பதாகக் கற்பனை செய்து, ஆர்சேன் லூப்பன் என்ற திருடனின் ரகசிய இடமாக்கியவர் மொரிஸ் லெப்லான். நாவல் 1909இல் புத்தகமாக வந்தது. நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்த பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது, கோடை விடுமுறையில் ஊருக்குள் சைக்கிளை உருட்டித்தான் போக முடியும்.

◆ எத்ரெத்தாவில் ஓடிய ஓடை மண்ணுக்கடியில் மறைந்து, கடற்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே வெளிப்படுகிறது. அந்தக் காலத்தில் கடல் வாங்கும் நேரம் பார்த்து ஊர்ப் பெண்கள் கடற்கரைக்குத் துணி மூட்டையோடு வருவார்கள். கற்களைக் கையால் விலக்கிக் குழி பறித்தால் நல்ல தண்ணீர் ஊறும். அதில் அலசிப் பிழிந்து, கூழாங்கற்கள் மேலேயே விரித்துக் காயப்போட்டு, கடல் திரும்புவதற்குள் அள்ளிக்கொண்டு போவார்கள். உப்புக் கடலுக்கு நாலடி தள்ளி நல்ல தண்ணீர்!

◆ அந்தக் கூழாங்கற்களில் ஒன்றைக்கூட நினைவுக்காகப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அபராதம் உண்டு. கல் குவியல்தான் அலையின் வேகத்தை உடைத்துப் பாறையடியைக் காக்கிறது. ஆளுக்கொரு கல் எடுத்தால் கணக்கு எங்கே போகும்?

◆ ஜூன் மாதத்தில் பாறைக்கு மேலே உள்ள மேட்டு நிலம் திடீரென்று நீலமாகும். ஆளிச் செடி பூக்கும் பருவம். உலகின் லினன் துணிக்கு நார் தரும் முதன்மையான பகுதிகளில் நார்மண்டியின் இந்த மேடும் ஒன்று. ஒரு பூவின் ஆயுள் ஒரு நாள்கூட முழுதாக இல்லை. காலையில் விரியும், பிற்பகலுக்குள் இதழ் உதிர்ந்துவிடும். எனவே நீல வயலைப் பார்க்க ஆசைப்பட்டால் காலை உணவைச் சீக்கிரம் முடித்துக் கிளம்புங்கள்.

◆ கால்வாயின் அந்தப் பக்கம் போவோம். பிரிட்டனின் மிக உயரமான சுண்ணக் கடற்பாறை பீச்சி ஹெட், 162 மீட்டர். கீழே கடலுக்குள் நிற்கும் சிவப்பு வெள்ளைப் பட்டைக் கலங்கரை விளக்கத்தின் உயரம் 43 மீட்டர். மேலிருந்து பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

◆ பக்கத்தில் பாறைக்கு மேலேயே இன்னொரு பழைய கலங்கரை விளக்கம் உண்டு, பெல் டூட். பாறை விளிம்பு இடிந்து இடிந்து அதன் வாசலுக்கே வந்துவிட்டதால், 1999இல் கட்டடத்தை அப்படியே தூக்கி 17 மீட்டர் பின்னால் நகர்த்தி வைத்தார்கள். எடை சுமார் 850 டன். இன்று அது தங்கும் விடுதி.

எவ்வளவு வேகமாக இடிகிறது? பாறையில் சேரும் அரிய பெரிலிய அணுக்களை அளந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தச் சசெக்ஸ் பாறைகள் சில ஆயிரம் ஆண்டுகளாக வருடத்துக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் தேய்ந்தன. கடைசி 150 ஆண்டுகளில் அது 22 முதல் 32 சென்டிமீட்டர். அலையைத் தடுக்கும் கடற்கரைக் கற்கள் குறைந்ததை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். விளிம்பில் சைக்கிளை நிறுத்திப் படம் எடுக்கும் ஆசை வந்தால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் காற்று மட்டும் இருக்கலாம்.

◆ செவன் சிஸ்டர்ஸ் எனப்படும் அந்த ஏழு வெள்ளை முகடுகளின் மேல் சைக்கிள் ஓட்டக் கூடாது. அது நடைபாதை. இங்கிலாந்தில் குதிரைகள் போகும் கிராமப் பாதைகளில் சைக்கிளுக்கும் உரிமை உண்டு, 1968ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது அது. நடைபாதைகளில் அந்த உரிமை இல்லை. ஆகவே 160 கிலோமீட்டர் நீளமுள்ள சவுத் டவுன்ஸ் வே, ஈஸ்ட்போர்னை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. நடப்பவருக்குக் கடலோரம், சைக்கிளுக்கும் குதிரைக்கும் கடலைவிட்டு உள்ளே தள்ளிய வழி. தார்ச்சாலைக்காரர்கள் ஈஸ்ட் டீன் ஊரிலிருந்து பீச்சி ஹெட் சாலையைப் பிடிக்கலாம்.

◆ 1994 டூர் டி பிரான்ஸில் மஞ்சள் சட்டையோடு தொடங்கியவர் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன். பந்தயம் டோவரிலிருந்து பிரைட்டனுக்குப் போகும் நாளில் சொந்த மக்கள் முன்னால் அதை அணிந்து ஓட்டியிருக்க வேண்டும். முந்தைய நாள் கலேயில் நடந்த அணிப் போட்டியில் பறிகொடுத்துவிட்டார்.

◆ பிரைட்டன் படகுத்துறையிலிருந்து சால்ட்டீன் வரை பாறையடியிலேயே ஒரு பாதை போகிறது. மேடே இல்லாத அபூர்வ வழி, நடப்பவர்களுக்கே முதலுரிமை. கடல் வாங்கும் நேரத்தில் இந்தக் கரையில் கான்கிரீட் கட்டைகள் வரிசையாகத் தெரியும், அவை ஒரு கடல் ரயிலின் மிச்சம். 1896இல் மேக்னஸ் வோல்க் என்பவர் கடலுக்குள்ளேயே தண்டவாளம் போட்டு, 7 மீட்டர் உயரக் கால்கள் மேல் பயணிகள் பெட்டியை நிறுத்தி, மின்சாரத்தில் ஓட்டினார். அலைகளுக்கு நடுவே போவதால் கப்பல் தலைவர் ஒருவரும் உயிர்காப்புப் படகும் வேண்டும் என்பது விதி. திறந்த ஒரு வாரத்தில் புயல் கவிழ்த்தது. மனிதர் மறுபடி கட்டி 1901 வரை ஓட்டினார்.

◆ இரு கரையையும் இணைப்பது நியூஹேவன் – தியெப் கப்பல், 4 மணி நேரம். 2012 ஒலிம்பிக்கை ஒட்டித் திறந்த லண்டன் – பாரிஸ் பசுமை வழி இந்தக் கப்பலை நம்பித்தான் இருக்கிறது. தியெப்பில் இறங்கியதும் மேடுகள் போதும் என்று முழங்கால் மறுத்தால், ஆர்க்-லா-பத்தாய் பக்கம் திரும்புங்கள். மூடப்பட்ட ரயில் பாதை மேல் தார் போட்டிருக்கிறார்கள். ரயிலுக்காகச் சமன் செய்த தடம், ஃபோர்ஜ்-லேசோ வரை கியர் மாற்றும் வேலை அதிகம் இராது.